அந்திக்குப் பிறகு ஒரு தேயிலைத் தொழிற்சாலை: வாசகர் கேள்வி–பதில்

மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலைகளைப் பழுது பார்த்து, மாலை வேளையில் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டும் வழக்கம் மலைநாட்டில் பரவி வருகிறது. அதைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தோம். நீலகிரியிலிருந்தும் இலங்கை மலையகத்திலிருந்தும் அதிகக் கடிதங்கள் வந்தன. தேயிலை தயாரிப்பும் பழைய கட்டடப் பராமரிப்பும் அறிந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

குன்னூர் வாசகர்: எங்கள் குடும்பத்துப் பழைய தொழிற்சாலையைச் சீரமைத்து முடித்திருக்கிறோம். மூன்று தளம். கீழே இலையை உருட்டி முறுக்கும் ரோலர் நான்கு, உலர்த்தும் டிரையர் ஒன்று. பெரிய இயந்திரங்களை முதலில் காட்டினால்தான் கூட்டம் நிற்கும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

மேல் தளத்திலிருந்து தொடங்குங்கள். கொழுந்து போன வழியே ஆட்களும் போகட்டும்.

தேயிலைத் தொழிற்சாலைக்கு மாலை என்பது வேலை முடியும் நேரமல்ல, தொடங்கும் நேரம். பகலெல்லாம் பறித்த கொழுந்து அந்தியில்தான் கடைசியாக எடை போட்டு வந்து சேரும். அதை மேலே ஏற்றிப் பரப்பினால் இரவு முழுக்க வாடும். 12 முதல் 18 மணி நேரம் கழித்து, மறுநாள்தான், ரோலர் ஓடத் தொடங்கும். ஆகவே மாலை 6 மணிக்கு ரோலர் தளத்தில் நின்றால் சும்மா நிற்கும் இரும்பைத்தான் பார்ப்பார்கள். அதே 6 மணிக்கு மேல் தளத்தில் கொழுந்து பரப்பியிருந்தால் படியேறும்போதே வாசனை எதிரே வரும். பச்சைப் புல் வாசனையில் தொடங்கி, வாட வாடப் பூவும் பழமும் கலந்த மணமாக அது மாறும். இந்த மாற்றத்தைத்தான் மாலைச் சுற்று காட்ட வேண்டும். பகல் சுற்றில் இதைக் காட்ட முடியாது.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். சூரியன் மறைவதற்குக் கால் மணி முன்பே ஆட்களை வெளியே நிறுத்தி, கட்டடத்தின் சன்னல் வரிசையைப் பகல் வெளிச்சத்தில் காட்டிவிடுங்கள். மேல் தளத்துக்கு 25 நிமிடம், ரோலர் தளத்துக்கு 20, நொதிக்க விடும் மேசைக்கும் டிரையருக்கும் சேர்த்து 20, சுவை பார்க்க 20. படி இறங்கும் நேரமும் சேர்த்தால் ஒன்றரை மணி ஆகும். அதற்கு மேல் போனால் குளிரில் நிற்பவர்களின் கவனம் போய்விடும். ஒரு வழிகாட்டிக்கு 12 பேர், மிஞ்சினால் 15. வரிசையின் கடைசியில் இன்னொருவர் கட்டாயம் வர வேண்டும். இருட்டில் பின்தங்குபவரை முன்னால் போகிறவர் பார்க்க முடியாது.

சென்னை வாசகி: தேயிலைத் தொழிற்சாலைகள் ஏன் இத்தனை மாடியும் இத்தனை சன்னலுமாக இருக்கின்றன? இயந்திரங்கள் கீழேதானே இருக்கின்றன?

கொழுந்து இடத்தைக் கேட்டது, காற்றைக் கேட்டது. அதற்காகக் கட்டியவைதான் மாடிகள்.

பறித்த கொழுந்தில் 100 பங்குக்கு 75 முதல் 80 பங்கு நீர். உருட்டுவதற்கு முன் அதில் பெரும்பகுதி போக வேண்டும். 100 கிலோ கொழுந்து ஏறத்தாழ 50 முதல் 55 கிலோவாகக் குறைந்தால்தான் இலை ஒடியாமல் முறுக்கிக்கொள்ளும். விசிறி வைத்துக் காற்றூதும் நீளத் தொட்டி, தொழிலில் ட்ரஃப் என்பார்கள், அது பரவுவதற்கு முன் இந்த வேலையைச் சாக்குத்துணித் தட்டுகள் செய்தன. தரையிலிருந்து கூரை வரை ஒன்றன்மேல் ஒன்றாகத் துணியை இழுத்துக் கட்டி, ஒவ்வொன்றிலும் இலைமேல் இலை குவியாமல் மெல்லிசாகத் தூவுவார்கள். சில டன் கொழுந்துக்கு இப்படிப் பரப்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று தளம் அப்படியே அதற்குப் போயிற்று. சன்னல்களைத் திறந்து மூடுவதுதான் அன்றைக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வழி. மூடுபனி இறங்கினால் காற்று வரும் பக்கத்துச் சன்னலை மூடி, கீழே உள்ள டிரையரின் சூட்டைப் பெரிய விசிறிகளால் மேலே இழுப்பார்கள்.

ட்ரஃப் வந்த பிறகு ஒரு சதுர மீட்டரில் 25, 30 கிலோ கொழுந்தைப் போட முடிந்தது. மேல் தளங்கள் வெறிச்சோடின. பழைய தொழிற்சாலைகள் இன்று அருங்காட்சியகமாகவும் தங்கும் விடுதியாகவும் மாற வசதியாக இருப்பதற்கு இந்தக் காலி இடமே முதல் காரணம். நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை 1996-இல் விடுதியாகத் திறந்தபோது, கொழுந்து வாடிய தளங்கள்தான் தங்கும் அறைகளாயின. பெரிய விசிறிகளையும் இயந்திரத்தையும் அங்கே அகற்றாமல் வைத்திருக்கிறார்கள். சீரமைப்பில் அது நல்ல முடிவு. விசிறி போய்விட்டால் அந்த மாடி எதற்கு என்று எவரும் விளக்க முடியாது.

ஹட்டன் வாசகர்: சீரமைத்த தொழிற்சாலையில் பார்வையாளர் எதிரே சின்ன அளவில் தேயிலை செய்து காட்ட விரும்புகிறோம். வாட்டவே 12 மணி நேரம் என்றால், ஒன்றரை மணிச் சுற்றில் எல்லாப் படிகளையும் எப்படிக் காட்டுவது? ஒருமுறை முயன்றோம். கொழுந்து உருட்டும் முன்பே சிவந்துவிட்டது.

சிவந்ததற்குக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். கொழுந்தை மூட்டையில் அமுக்கிக் கொண்டுவந்திருப்பீர்கள், அல்லது வெயிலில் வைத்திருப்பீர்கள். பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடும், சூடு கிளப்பும். அமுக்கி வைத்தால் மூட்டையின் நடுவில் சூடு 35 பாகை செல்சியஸ் தாண்டும், இலை கசங்கும். கசங்கிய இடத்தில் காற்றுப் பட்டதும் சிவப்பு ஏறத் தொடங்கும். அந்தக் கொழுந்தை என்ன செய்தாலும் தூளில் பழுப்பு நிறமும் மந்தச் சுவையும்தான் வரும். காற்றுப் புகும் கூடையிலோ வலைப்பையிலோ 10 கிலோவுக்கு மேல் போடாமல், அமுக்காமல், நிழலில் கொண்டுவாருங்கள்.

இனி நேரக் கணக்கு. ஒரே கொழுந்தை வைத்துக்கொண்டு எல்லாப் படியையும் காட்ட முடியாது. மூன்று கூறு கொழுந்து வேண்டும்.

முதல் கூறு, முந்தின நாள் அந்தியில் பறித்த 5 கிலோ. விசிறி இல்லாமல் பழைய சாக்குத்தட்டிலேயே மெல்லிசாகத் தூவி விடுங்கள். மலைக்குளிரில் அது மெதுவாக, 22, 24 மணி நேரத்தில் வாடும். அதை மறுநாள் பிற்பகல் 4.15-க்கே, பார்வையாளர் வருமுன், உருட்டிவிட வேண்டும்.

இரண்டாம் கூறு, அன்று காலை 8 மணிக்குள் வந்த 6 கிலோ. இதைச் சின்ன ட்ரஃப்பில் போட்டு விசிறி ஓட்டினால் மாலை 6.30-க்குப் பதம் வரும். பார்வையாளர் எதிரே உருட்டுவது இதைத்தான்.

மூன்றாம் கூறு, அன்று மாலை 5 மணிக்கு வரும் பச்சைக் கொழுந்து, 5 கிலோ. அது மேல் தளத்தில் அப்போதுதான் பரப்பப்பட்டுக் கிடக்கும். இன்றைய மூன்றாம் கூறுதான் நாளைய முதல் கூறு. நாள்தோறும் இந்தச் சுழற்சி ஓடும், எதுவும் வீணாகாது.

பதம் பார்ப்பதைப் பார்வையாளர் கையிலேயே கொடுங்கள். மேல் தளத்தில் ஒரு தட்டில் பச்சைக் கொழுந்து, இன்னொரு தட்டில் வாடியது. பச்சைக் காம்பை மடக்கினால் ‘டக்’கென்று ஒடியும். வாடிய காம்பு நூல்போல் வளையும், ஒடியாது. ஒரு கைப்பிடி வாடிய கொழுந்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விட்டால் உருண்டையாகவே நிற்கும், பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்து விரியும். சட்டென்று விரிந்துவிட்டால் இன்னும் வாடவில்லை. விளிம்பு நொறுங்கினால் அளவுக்கு மீறி வாடிவிட்டது. விளக்கப் பலகை பத்து வைப்பதைவிட இந்த ஒரு கைப்பிடி மேல்.

மேசை ரோலருக்கு 3 கிலோ வாடிய கொழுந்து போதும். இரண்டாம் கூறின் 6 கிலோ வாடிச் சுருங்கி அந்த அளவுக்குத்தான் வரும். முதல் 10 நிமிடம் மேல்மூடியின் அழுத்தம் இல்லாமல் ஓடட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூடியை இறக்கி இன்னும் 10 நிமிடம். எடுத்தவுடன் அழுத்தினால் இலை முறுக்காமல் கட்டியாகும், சூடேறும், தட்டையான சில்லுகளாக உடையும். அவசரப்பட்டு இதைத்தான் பலர் கெடுக்கிறார்கள். உருட்டியதைக் கட்டி உடைத்துச் சலித்து, 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மேசையில் பரப்புங்கள்.

அடுத்தது நொதிக்க விடுவது. பெயர்தான் நொதித்தல். ஈஸ்ட்டும் இல்லை, புளிப்பும் இல்லை, கசங்கிய இலைச்சாறு காற்றுப் பட்டுச் சிவப்பதே அது. 20 முதல் 25 பாகைச் சூட்டில் உருட்டத் தொடங்கியதிலிருந்து இரண்டு, இரண்டரை மணி பிடிக்கும். 4.15-க்கு உருட்டிய முதல் கூறு 6.45 வாக்கில் செம்புக்காசு நிறத்துக்கு வந்திருக்கும். அதன் பக்கத்திலேயே அப்போது உருட்டிய பச்சைத்தூளை வையுங்கள். இரண்டையும் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. மேல்மலையில் மாலை 15 பாகைக்குக் கீழே போகும். அப்போது சிவப்பு ஏறாமல் பச்சையாகவே நிற்கும். மேசையைச் சின்ன அறைக்குள் மாற்றி, சுற்றி ஈரத்துணி தொங்கவிட்டு, அறையை மட்டும் 22 பாகையில் வையுங்கள். ஈரம் இல்லாமல் வெறும் சூடு வைத்தால் மேற்பரப்பு காய்ந்து கறுத்துவிடும்.

உலர்த்த மின்சாரத் தட்டு உலர்த்தியே போதும். தட்டில் 1 சென்டிமீட்டர் கனம், 95 முதல் 100 பாகைக் காற்று, 20 நிமிடம். நீர் 3 பங்குக்கு இறங்க வேண்டும். ஆறியபின் விரலால் நசுக்கினால் நொறுங்கித் தூளானால் சரி, வளைந்தால் இன்னும் நீர் இருக்கிறது. அப்படியே டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். முதல் இரண்டு கூறும் சேர்ந்த 11 கிலோ கொழுந்துக்கு 2.2 முதல் 2.5 கிலோ வரை தூள் கிடைக்கும். அன்றைய சுற்றுக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு 50 கிராம் பொட்டலம் கட்டிக் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

மழை நாளுக்கு ஒரு குறிப்பு. நனைந்த கொழுந்தின் மேல் நீரை முதலில் விசிறியால் போக்கிவிட்டுத்தான் வாட்டக் கணக்கைத் தொடங்க வேண்டும். 2 முதல் 4 மணி நேரம் கூடும். வறண்ட வெப்பமானிக்கும், குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈர வெப்பமானிக்கும் 3, 4 பாகை இடைவெளி இருந்தால் காற்று வாட்டும். இடைவெளி இல்லையென்றால் விசிறி ஓடுவது வீண், காற்றைக் கொஞ்சம் சூடாக்குங்கள். அடைமழை நாளில் உருட்டுவதை விட்டுவிட்டு, முதல் கூறை மட்டும் காட்டுவதே நேர்மை. அரைகுறையாக வாடியதை உருட்டினால் சாறு ஒழுகிப் போகும்.

வால்பாறை வாசகர்: மேல் தளம் மரப்பலகைத் தளம். நூறு ஆண்டு தாங்கியிருக்கிறது, 40 பேர் ஏறினால் என்ன ஆகிவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர்.

தயவுசெய்து ஏற்ற வேண்டாம். அந்தத் தளம் தாங்கியது கொழுந்தை, மனிதர்களை அல்ல. சாக்குத்தட்டுகளில் தூவிய கொழுந்தெல்லாம் சேர்ந்தாலும் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து இருபது கிலோதான். நெருக்கி நிற்கும் மனிதக் கூட்டம் அதே இடத்தில் 250, 300 கிலோவைக் கொண்டுவரும். கூட்டம் கூடும் தளங்களைச் சதுர மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ தாங்கும்படி வடிவமைப்பதுதான் வழக்கம். எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து மூன்று இடங்களைக் காட்டுங்கள். ஒன்று, மரச்சட்டத்தின் முனை சுவருக்குள் புகும் இடம். வெளியே நன்றாகத் தெரியும் மரம் அங்கேதான் மட்கும், திருப்புளியால் குத்தினால் இறங்கும். இரண்டு, இரும்புத் தூணின் அடி, அதிலும் கூரைப் பீலி ஒழுகும் மூலையில் உள்ள தூண். மூன்று, சட்டமும் இரும்பும் சேரும் போல்ட்டுகள். எடை வைத்துச் சோதிக்கும்போது 3.6 மீட்டர் நீளச் சட்டம் 10 மில்லிமீட்டருக்கு மேல் தொய்ந்தால் வலுப்படுத்தாமல் ஆள் ஏற்றக்கூடாது.

வலுப்படுத்தும் வரைக்கும் தூண்களை ஒட்டி 1.2 மீட்டர் அகலத்தில் தனி நடைபாதை அமைத்து, 12 பேர் மட்டும் இடைவெளி விட்டு நடக்கலாம், அதையும் பொறியாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான். பழைய மேல் தளங்களுக்குப் பெரும்பாலும் ஒரே படிக்கட்டு. இரண்டாவது படிக்கட்டு போடாமல் இருட்டில் ஆள் ஏற்றாதீர்கள். கொழுந்து ஏற்றிய தூக்கியில் யாரையும் ஏற்றவே கூடாது.

கோத்தகிரி வாசகர்: கூரையடியில் இயந்திரங்களையெல்லாம் ஓட்டிய நீளத்தண்டும் தோல் பட்டைகளும் அப்படியே இருக்கின்றன. மாலைச் சுற்றில் ஓட்டிக் காட்டலாமா? பழைய எண்ணெய் இன்ஜினும் இருக்கிறது.

தண்டை ஓட்டலாம். இன்ஜினைச் சுற்று நேரத்தில் உள்ளே ஓட்ட வேண்டாம். மாலையில் குளிருக்குச் சன்னல் மூடியிருக்கும், புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. இன்ஜினைத் துடைத்து எண்ணெயிட்டு, கையால் சுழற்றிக் காட்டினால் போதும்.

தண்டுக்குச் சின்ன மின் மோட்டாரும் வேகத்தைக் குறைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வைத்து, பழைய வேகத்தில் கால் பங்குக்கு ஓட்டுங்கள். ஒரே ஒரு ரோலருக்கு மட்டும் பட்டை மாட்டுங்கள். மற்றவற்றின் பட்டைகளைக் கழற்றிச் சுவரில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு மாலையும் முறை இதுதான். மின்சாரத்தைத் துண்டித்த நிலையில் தண்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினால் அன்று ஓட்டாதீர்கள். தாங்கிகளின் எண்ணெய்க் கிண்ணங்களைப் பத்து நிமிடம் முன்பே திறந்து சொட்ட விடுங்கள். ஐந்து நிமிடம் ஆளில்லாமல் ஓட்டி, நிறுத்தி, தாங்கியில் உள்ளங்கையை வையுங்கள். கை தாங்காத சூடு என்றால் உள்ளே ஈயக்கலவைப் பூச்சு தேய்கிறது என்று பொருள்.

பட்டை நழுவுகிறதே என்று சிலர் இன்ஜின் ஆயிலைத் தடவுகிறார்கள். அது இன்னும் நழுவும். தோல் காய்ந்து வெடிப்பதற்குக் கால்நடைகளின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயை மிதமாகத் தேய்த்து இரண்டு மூன்று நாள் ஊற விட வேண்டும். அறுவது எப்போதும் தைத்துச் சேர்த்த இடத்தில்தான், அதை வாரம் ஒருமுறை பாருங்கள்.

சுழலும் எதற்கும் குறைந்தது 1 மீட்டர் தள்ளி, 1.1 மீட்டர் உயரத்தில் கம்பிவலைத் தடுப்பு. புடவை முந்தானை, துப்பட்டா, மப்ளர், அவிழ்த்த கூந்தல் எல்லாவற்றையும் சுற்று தொடங்கும் முன்பே செருகவும் முடியவும் சொல்லுங்கள். பேசுபவர் ஒருவர், நிறுத்தும் பொத்தானில் கை வைத்திருப்பவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது.

டிரையரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பழைய அடுப்பு டிரையர்களின் கதவோரக் கயிறும் குழாய்ச் சுற்றும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். ஆய்வகத்தில் காட்டும் வரை சுரண்டவோ பெருக்கவோ கூடாது.

ஊட்டி வாசகி: விளக்கு எவ்வளவு வேண்டும்? மங்கலாக இருந்தால்தான் அழகு என்கிறார் வடிவமைப்பாளர்.

மங்கல் சரி, ஆனால் ஒரே சீராக மங்கலாக இருக்க வேண்டும். ஒரு மூலை பளிச்சென்றும் அடுத்த படி இருட்டாகவும் இருந்தால் கண்ணால் மாற முடியாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். படிக்கட்டுக்கு மட்டும் அழகைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு படியின் விளிம்பும் தெரிய வேண்டும். விளக்கை முழங்காலுக்குக் கீழே, கண்ணில் படாமல் வையுங்கள். மின்சாரம் போனால் வெளியேறும் பாதையின் நடுவில் குறைந்தது 1 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் ஒரு மணி நேரம் நிற்கும்படி பேட்டரி விளக்கு வேண்டும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்து அதைச் சோதித்துப் பாருங்கள்.

இயந்திரத் தளத்தில் மலிவான எல்.இ.டி. விளக்கு வைத்தால் ஓர் ஆபத்து உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை துடிக்கும். சுழலும் கப்பி அந்தத் துடிப்போடு ஒத்துப்போனால் நின்றுவிட்டது போலவே தெரியும். நிற்கிறது என்று நம்பிக் கை நீட்டுவார்கள். துடிக்காத மின்னோட்டம் தரும் டிரைவர் உள்ள விளக்குகளைக் கேட்டு வாங்குங்கள்.

சுவை பார்க்கும் மேசைக்குத் தனிக் கணக்கு. தேநீர் நிறத்தை மஞ்சள் விளக்கில் மதிப்பிட முடியாது. எல்லாத் தூளும் ஒரே சிவப்பாகத் தெரியும். தேர்ந்த சுவைஞர்கள் வடக்குச் சன்னல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். மாலையில் அந்த வெளிச்சம் கிடைக்காது. ஆகவே அந்த ஒரு மேசைக்கு மட்டும் பகல் வெளிச்சம் போன்ற, 5000 கெல்வினுக்கு மேற்பட்ட, நிறம் கெடாத வெள்ளை விளக்கு போடுங்கள். 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், மூடி 6 நிமிடம். இது சுவை பார்ப்பதற்கான சர்வதேசத் தர அளவு. வீட்டுத் தேநீரைவிடக் கடுப்பாக இருக்கும். இரவு நேரம், ஆளுக்கு இரண்டு மடக்கு போதும், துப்பக் கிண்ணம் வையுங்கள்.

அதே வாசகி: மெழுகுவர்த்தி, அரிக்கேன் விளக்கு வைத்துச் சுற்றலாமா? படம் நன்றாக வரும்.

கூடாது. தேயிலைத் தொழிற்சாலையில் பஞ்சு போன்ற தேயிலைத் தூசி உத்தரத்தின் மேல் பல ஆண்டுகளாகப் படிந்திருக்கும், கீழிருந்து கண்ணுக்குத் தெரியாது. கலைந்து காற்றில் பறந்தால் ஒரு பொறி போதும். மரத்தளமும் சாக்குத்துணியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். உத்தரங்களைத் தூசி உறிஞ்சியால், மேலிருந்து கீழாக, சுற்று தொடங்கும் பருவத்துக்கு முன் ஒருமுறையும் இடையில் ஒருமுறையும் சுத்தம் செய்யுங்கள். துடைப்பத்தால் தட்டாதீர்கள்.

டொரண்டோ வாசகர்: டிசம்பரில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம், அங்கிருந்து கேரளமும். சீரமைத்த தேயிலைத் தொழிற்சாலையை மாலையில் பார்க்க எங்கே போகலாம்?

மாலைக்கு என்றால் கந்தப்பளை. அங்கே இரவு தங்குவதால் நேரம் உங்கள் கையில். அந்தி சாயும்போது வெளியே வந்து நின்று சன்னல் வரிசையில் விளக்கு ஏறுவதைப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், டிசம்பர் இரவில் நல்ல கம்பளி வேண்டும்.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925-இல் கட்டிய நான்கு மாடித் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. கீழ்த்தளத்து இன்ஜின்களுக்காகவே போகலாம். மூணாறில் நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள அருங்காட்சியகத்தில் 1905-ஆம் ஆண்டின் உருட்டு இயந்திரமும், கன்னிமலை மின்நிலையத்தில் நீர்விசையால் ஓடிய பெல்ட்டன் சக்கரமும் உண்டு. அங்கே உள்ள கருங்கல் சூரியக் கடிகாரம் 1913-இல் நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் தொழிற்பள்ளியில் செய்தது, தேடிப் பாருங்கள். இவை இரண்டும் பகலில் போகும் இடங்கள். மாலையில் குழுவாகப் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதில் வந்தபின் போங்கள்.

கூடலூர் வாசகர்: 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் இங்கே அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. தாத்தா பதுளைப் பக்கம் பெக்டரியில் ரோலர் பார்த்தவர். அண்மையில் ஒரு சுற்றுக்குப் போனேன். ஜேம்ஸ் டெய்லர், லிப்டன் என்றே ஒன்றரை மணியும் போயிற்று. எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. வழிகாட்டிகள் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதத்துக்காகவே இந்தப் பகுதியைக் கடைசியில் வைத்தோம், ஐயா. இலங்கையில் வணிகத்துக்காக முதலில் தேயிலை பயிரிட்ட டெய்லர் 1867-இல் கண்டியை அடுத்த லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்ததைச் சொல்லட்டும், தவறில்லை. அதோடு நிறுத்துவதுதான் தவறு. அந்தக் கட்டடத்தில் இரவெல்லாம் விழித்தவர்கள் யார் என்று சொல்லாத சுற்றில் பாதிக் கட்டடம்தான் தெரியும்.

வழிகாட்டிகளுக்கு எங்கள் பரிந்துரை, இயந்திரத்தின் பெயரோடு அதைப் பார்த்த வேலையின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். மடுவம் என்ற கொட்டகையில் கொழுந்தை எடை போட்டவர், மேல் தளத்தில் இரவு இரண்டு மணிக்குக் கொழுந்தைப் பிடித்துப் பதம் பார்த்தவர், டிரையர் அடுப்புக்கு விறகு போட்டவர், தூள் சலித்த பெண்கள், எல்லோருக்கும் மேலே தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர். பெரட்டு (காலையில் வேலைக்குக் கூடுவது), பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு), கணக்கப்பிள்ளை, கங்காணி (ஆட்களை மேற்பார்ப்பவர்), லயம் (தொழிலாளர் வரிசை வீடு) என்ற சொற்களை அப்படியே சொல்லிப் பொருளும் சொல்லுங்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து அவர்கள் இலங்கைக்குப் போனதையும், இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியதையும், 1964-க்குப் பிறகு திரும்பியவர்களுக்கு வேலை தர நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உண்டானதையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ரோலர் தளத்தில், ரோலர் நிற்கும்போது சொல்லுங்கள், ஓடும்போது ஒன்றும் கேட்காது.

முடிந்தால் ஓய்வுபெற்ற பெக்டரித் தொழிலாளர் ஒருவரை ஒவ்வொரு சுற்றிலும் கூட வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்குத் தரும் அதே சம்பளம் அவருக்கும் வேண்டும். பதம் பார்க்கும் கைப்பிடியை அவர் காட்டட்டும்.

இன்னொன்று. மலையகத்தில் பெக்டரிச் சக்கரத்தை ரோதை என்பார்கள். அதைக் காக்கும் தெய்வம் ரோதைமுனி. இயந்திரத்தில் கை போகாமல் காக்கச் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். சீரமைப்பின்போது இப்படி ஒரு கல்லோ சூலமோ கட்டடத்தை ஒட்டி இருந்தால், குப்பையென்று அகற்றிவிடாமல், தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டு அது இருந்த இடத்திலேயே வையுங்கள். விளக்கு ஏற்ற அவர்களே வருவார்கள். அது தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே, கூரைப் பீலியிலிருந்து 3 மீட்டராவது தள்ளி எரியட்டும். சுற்றை அங்கே முடியுங்கள்.